துவைக்கிற மெஷின் ஏன் பிழிய மறுக்கிறது?

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். துவைப்பதும் அலசுவதும் ஒழுங்காக நடக்கிறது, கடைசியில் பிழியும்போது மட்டும் டிரம் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது, துணி சொட்டச் சொட்ட வருகிறது என்கிறாய். கூடத் தங்கியிருக்கும் பெண் 'மோட்டார் போயிருக்கும், எக்ஸ்சேஞ்சில் புதுசே வாங்கிவிடலாம்' என்கிறாளாம். அவசரப்படாதீர்கள். உங்களுடையது போன்ற டாப் லோடு மெஷினில் துவைப்பதற்கும் பிழிவதற்கும் ஒரே மோட்டார்தான். அது போயிருந்தால் துவைத்தே இருக்காது. துவைக்கிற மெஷின் பிழிய மறுத்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிப் பிடிக்கிற வேலையில் பாதியை நீயே செய்துவிடலாம்.

மெஷின் இவ்வளவு தயங்குவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. டாப் லோடு டிரம் பிழியும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முறை சுற்றும். டிரம்மின் ஆரம் 24 சென்டிமீட்டர் என்று வைத்து, பிளஸ் ஒன்னில் படித்த வட்ட இயக்கச் சூத்திரத்தில் போட்டுப் பார். புவியீர்ப்பைப் போல 130 மடங்கு வரும். ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கிலோ ஈரத்துணி, அந்த வேகத்தில் 130 கிலோ எடைக்குச் சமமான விசையோடு டிரம்மை வெளியே இழுக்கும். அந்த இழுப்பின் திசையும் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றி வரும். அதனால்தான் தண்ணீர் வடிந்ததா, துணி சமமாகப் பரவியிருக்கிறதா, மூடி மூடியிருக்கிறதா என்ற மூன்றையும் உறுதி செய்துகொண்ட பிறகே மெஷின் வேகம் பிடிக்கும். நாமும் அதே வரிசையில் போவோம்.

முதலில் தண்ணீர். மெஷின் நின்றதும் மூடியைத் திறந்து பார். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் மற்ற எதையும் ஆராய வேண்டாம். உங்கள் மெஷினின் டிரெயின் பைப் எங்கே போகிறது என்று மட்டும் பார். நம் ஊரில் விற்கும் டாப் லோடு மெஷின்கள் பலவற்றில் தண்ணீரை மேலே தள்ளும் பம்ப் கிடையாது. அடியில் ஒரு வால்வு திறக்கும், தண்ணீர் தானாக இறங்கி ஓடும், அவ்வளவுதான். அந்தப் பைப்பைத் தூக்கி வாஷ்பேசினில் விட்டாலோ, வாசல்படிக்கு மேலே ஏற்றி இறக்கினாலோ தண்ணீர் போகாது. வாடகை வீடு மாறும்போதெல்லாம் இந்தத் தகராறு வரும். பைப் தரையோடு தரையாக, மடங்காமல், நுனி தண்ணீரில் முங்காமல் கிடக்க வேண்டும். ஃப்ரண்ட் லோடு மெஷினில் நேர்மாறு. அதில் பம்ப் இருப்பதால் பைப்பை உயரத்தில்தான் மாட்டுவார்கள். முன்பக்கம் கீழே சின்னக் கதவுக்குள் ஒரு ஃபில்டர் இருக்கும். ஹேர்பின், சில்லறை, ஊக்கு, நூல்திரி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

பைப் சரியாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லையென்றால் காதைத் தீட்டிக்கொள். 'ஸ்பின்' மட்டும் வைத்து ஓடவிடு. சில நொடிகளில் அடியிலிருந்து 'டக்' என்றோ 'கர்ர்' என்றோ ஒரு சத்தம், பிறகு தண்ணீர் பாயும் ஓசை கேட்க வேண்டும். அது டிரெயின் மோட்டார் வேலை செய்யும் சத்தம். கைக்குள் அடங்குகிற அந்தச் சின்ன மோட்டார்தான் வால்வை இழுத்துத் திறக்கிறது. பல மெஷின்களில் அதே இழுப்பில் பிரேக்கும் விடுபட்டு, கிளட்ச் துவைக்கும் நிலையிலிருந்து பிழியும் நிலைக்கு மாறும். ஆகவே அந்த ஒரு சின்ன உறுப்பு போனால் தண்ணீரும் வடியாது, டிரம்மும் சுற்றாது. பெரிய மோட்டாரின் மேல் பழி விழுவது இப்படித்தான். அந்தச் சத்தம் வருகிறதா இல்லையா என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்ல முடிந்தால் போதும், அவர் நேராக அங்கேயே கை வைப்பார்.

நுரையையும் கவனி. கையால் துவைப்பதற்கான பவுடரை மெஷினில் போட்டால் நுரை பொங்கும். டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே நுரை அடைத்துக்கொண்டு சுழலவிடாமல் பிடிக்கும், தண்ணீரும் மெதுவாகத்தான் இறங்கும். மூடியைத் திறந்தால் பால் பொங்கியதுபோல் நுரை நின்றால், சோப்பில்லாமல் இன்னொரு முறை அலசவிட்டுப் பிறகு பிழி.

அடுத்தது துணி. தண்ணீர் முழுக்க வடிந்து, டிரம் வேகம் பிடிக்கப் போய், தடதடவென்று ஆடி, நின்று, மறுபடி தண்ணீர் ஏற்றிக்கொண்டு முயன்றால், பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எல்ஜி மெஷினில் 'யுஇ' என்று எழுத்து மின்னினால் இதுதான் பொருள். 'ஓஇ' என்றால் தண்ணீர் வெளியேறவில்லை. டிரம்மின் மேல் விளிம்பில் ஒரு தடித்த பிளாஸ்டிக் வளையம் இருக்கும், தொட்டுப் பார். அதற்குள் உப்புநீர் இருக்கிறது. பாரம் ஒரு பக்கம் கூடினால் அந்த நீர் எதிர்ப்பக்கம் ஓடிச் சமன் செய்யும். ஆனால் அதன் சக்திக்கும் எல்லை உண்டு. ஒரே ஒரு போர்வையை மட்டும் போட்டால் அது பந்தாகச் சுருண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். கூட இரண்டு துண்டு போடு. ஜீன்ஸ் நான்கையும் ஒரே பக்கம் திணிக்காமல் சுற்றிலும் பரப்பு.

மழைக்கோட்டு, தண்ணீர் புகாத மெத்தை விரிப்பு இரண்டையும் பிழியவே வேண்டாம். துணிக்குள் சிக்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முழு வேகத்தில் சட்டென்று இடம் மாறினால் மெஷின் துள்ளிவிடும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனம் ஏறத்தாழ 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்ப அழைத்தது. பிழியும்போது மேல்பாகமே கழன்று வரும் அபாயம் இருந்தது. படுக்கை விரிப்பு, கனத்த துணி, நீர் புகாத துணி ஆகியவற்றைக் குறைந்த வேகத்தில் மட்டும் பிழியச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி மெஷினுக்கும் இந்தப் பழக்கம் நல்லது.

துணியை எடுத்துவிட்டு வெறும் டிரம்மைச் சுற்றவிட்டால் அழகாகச் சுற்றுகிறதா? அப்படியானால் மெஷின் நிற்கும் தரையைப் பார். மேலே எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்து. ஆடினால் அடிக்கால் ஒன்றைத் திருகி ஏற்றவோ இறக்கவோ வேண்டும், பிறகு அதன் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிற்க வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டுத் தரையில் வைத்துப் பார். பாதித் தொல்லை அந்த ஸ்டாண்டால் வருகிறது என்பது என் கருத்து. தரையும் சரி, துணியும் சமம், இன்னும் டிரம் பக்கவாட்டில் போய் இடிக்கிறது என்றால், தொட்டியைத் தாங்கும் நான்கு சஸ்பென்ஷன் கம்பிகளில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கும். அது மெக்கானிக் வேலை.

மூன்றாவது மூடி. மூடியை நன்றாக அழுத்தி மூடும்போது ஓடி, கையை எடுத்தால் நின்றால் மூடி சுவிட்ச்தான் கோளாறு. விலை மலிவான பொருள். ஆனால் சிலர் 'எதுக்கும்மா புதுசு, டைரக்ட் பண்ணிடறேன்' என்பார்கள். சுவிட்சே இல்லாமல் ஒயரை இணைத்துவிடுவது அது. எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதே. மூடி திறந்திருக்கும்போதும் அந்த வேகத்தில் சுற்றும் டிரம்முக்குள் ஒரு துப்பட்டா நுனி போனால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். வீட்டுக்கு வரும் குழந்தைகளையும் நினைத்துக்கொள்.

ஊரில் பாட்டி வைத்திருக்கும் செமி ஆட்டோமேட்டிக்கின் டிரையருக்கும் இதே புத்திதான். அதில் மூடியை மூடினால் ஒரு ஒயர் இழுபட்டு பிரேக் விடுபடும். அந்த ஒயர் துருப்பிடித்து அறுந்தால் பிரேக் பிடித்தபடியே இருக்கும், மோட்டார் முனகும், டிரையர் அசையாது. துணிக்கு மேல் போடும் பிளாஸ்டிக் தட்டை மறக்காமல் போடச் சொல்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிடு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பின்பக்கத் தகடைக் கழற்றாதே. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிய நிலையில் வெறும் டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பயப்படாதே, அது பிரேக். கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தால் பேரிங். ரப்பர் கருகிய வாடை வந்திருந்தால் பெல்ட். தண்ணீர் வடிந்து, மூடியும் சரியாக மூடியிருந்து, மோட்டார் 'ஊம்' என்று முனகியும் டிரம் அசையாவிட்டால் கெப்பாசிட்டர், பெல்ட், கிளட்ச் மூன்றில் ஒன்று. மெக்கானிக்கிடம் 'மெஷின் ரிப்பேர்' என்று சொல்லாமல் இதை அப்படியே சொல். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள், பில்லில் அந்தப் பாகத்தின் பெயரை எழுதச் சொல். பேரிங் போயிருந்தால் மட்டும், தொட்டியையே பிரிக்க வேண்டியிருக்கும், கூலி அதிகம். அப்போது மெஷினின் வயதைப் பார்த்து, புதுசு வாங்கலாமா என்று உன் தோழியோடு உட்கார்ந்து பேசு.

அன்புடன்,
சித்தி