வண்டிக்கு வார்க்கும் நீரும் எண்ணெயும்

 

நம்மில் அநேகர் கடைச் சரக்கு ஏற்ற வேன் வைத்திருக்கிறோம். பெட்ரோலுக்குக் கணக்கு எழுதும் நாம், ரேடியேட்டரில் என்ன இருக்கிறதென்று பார்ப்பதில்லை. "இது வெயில் நாடு, தண்ணீர் உறையப் போவதில்லை, கூலண்ட் எதற்கு?" என்று நாமும் பல வருஷம் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தோம். 2018ஆம் ஆண்டு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சரக்கோடு ஏறுகையில், லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டியதும் எஞ்சின் கொதித்து வண்டி நின்றது. ஓட்டிச் சென்ற சிப்பந்தி பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க, ஆவி சீறிக் கையைச் சுட்டுவிட்டது. அல்லாஹ்வின் கிருபையால் முகம் தப்பியது. நாம் மிச்சம் பிடித்தது சில வெள்ளி. வெந்தது அவர் கை. அதன்பின் விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, கூலண்ட். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றே. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எதிலீன் கிளைக்கால் கூலண்டைப் பாதிக்குப் பாதி நீரில் கலந்தால் சுமார் 107 டிகிரி வரை தாங்கும். மூடியின் அழுத்தம் அதை மேலும் உயர்த்தும். அதில் சேர்ந்துள்ள மருந்து உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும். குழாய் நீரிலோ அந்த மருந்து இல்லை. அதிலுள்ள உப்புகளும் உள்ளே படியும். எனவே காய்ச்சி வடித்த நீரையே கலக்க வேண்டும். கலந்தே விற்கும் கூலண்டில் மேலும் நீர் சேர்க்கலாகாது.

நிறத்தைப் பார்த்து வாங்கவும் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் யாவும் கம்பெனிகள் சேர்க்கும் சாயமே. ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்குப் பாஸ்பேட் உள்ள, சிலிகேட் இல்லாத வகை வேண்டும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றுக்குச் சிலிகேட் உள்ள வகை வேண்டும். வகை மாறிக் கலந்தால் காக்கும் சக்தி குறையும். வண்டியோடு வந்த கைப்புத்தகம் சொல்வதே சரி.

இரண்டாவது, பிரேக் ஆயில். இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரியும், டாட் 4 குறைந்தது 230 டிகிரியும் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140, 155 என இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி உண்டானால், மிதித்தாலும் வண்டி நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். டாட் 5 சிலிக்கோன் வகை. அதை மற்றவற்றோடு கலக்கலாகாது. எஞ்சின் எண்ணெயை மறந்தும் அங்கே ஊற்றக் கூடாது. உள்ளிருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

மூன்றாவது, கியர் எண்ணெய். சிவிடி கியர் வண்டிக்கு அதற்குரிய எண்ணெயே வேண்டும். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் ஊற்றினால் கியர்ப்பெட்டி கெடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. எஞ்சின் நன்றாக ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கூலண்ட் விஷம், ஆனால் ருசியில் இனிப்பு; சோடாப் புட்டியில் ஊற்றிப் பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி போதிக்கப்பட்டவர்கள் நாம். வண்டி ஓட்டும் சிப்பந்தியின் உயிர் முதலாளியிடம் உள்ள அமானிதம். இன்றே கடை அடைத்ததும் கைப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வஸ்ஸலாம்.