வயிற்றைச் சுற்றி ஒரு நாடா



"நான் இன்னும் 34 சிலுவார்தான் போடுறேன், எனக்கேது தொப்பை?" என்பவர்கள் நம்மில் உண்டு. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் சிலுவார் உண்மை பேசாது.

தையல் நாடா ஒன்று எடுங்கள். சட்டையை விலக்கிவிட்டு நேராக நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் ஓரத்துக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை விட்டபின் அளவு பாருங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் ஏமாறுவது நாம்தான். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இருதய நோய் வரும் ஆபத்து கூடும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு இல்லை.

வெள்ளைக்கார ஆண்களுக்கு அளவு இதைவிடக் கூடுதல். நம்மவருக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றில் சேர்ந்துவிடும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் 31.4.

நிரை நிரையாக மரம் வெட்டி நடந்த காலத்துச் சோற்றை, இன்று ஜாசினிலோ அலோர் காஜாவிலோ காவல் வேலைக்கு உட்கார்ந்துகொண்டு சாப்பிடுகிறோம். கூடவே டின்பால் தேத்தண்ணி வேறு!

அளவு கூடியிருந்தால் பயந்து ஒளிய வேண்டாம். பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தில் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப் போங்கள்.