குளவி கொட்டினால் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

கொழுந்து மலையில் குளவி கலைந்த செய்தி ஹட்டன், பொகவந்தலாவ, மஸ்கெலியாப் பக்கம் நமக்குப் புதியதல்ல. கொட்டுப்பட்டவர் "நெஞ்சு படபடக்குது" என்றால், பயந்துவிட்டார் என்று சொல்லிவிடுகிறோம். பயமும் இருக்கலாம். ஆனால் அந்தப் படபடப்பில் ஹிஸ்டமின் என்ற இரசாயனப் பொருளின் வேலையும் இருக்கிறது.

குளவியின் நஞ்சிலேயே ஹிஸ்டமின் உண்டு. அதைவிடப் பெரிய களஞ்சியம் நமது உடலிலுள்ள மாஸ்ட் கலங்கள். நஞ்சு அவற்றிலிருந்து ஹிஸ்டமினை வெளியேற்றுகிறது. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே போதும். இதயத்திலும் இக்கலங்கள் உள்ளன.

1910இல் ஹென்றி டேலும் பற்றிக் லெயிட்லோவும் ஹிஸ்டமினை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கினிப் பன்றி மூச்சுக்குழல் இறுகி இறந்தது. பூனையிலும் நாயிலும் குருதியமுக்கம் சரிந்தது. ஆனால் கினிப் பன்றியின் சோணையறையைத் தனியே எடுத்துக் கரைசலில் தொங்கவிட்டு ஹிஸ்டமினைச் சேர்த்தால், அது சோர்வதில்லை. முன்னிலும் வேகமாகச் சுருங்குகிறது! ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்துகளாலும் அந்த வேகத்தைத் தடுக்க முடியவில்லை. 1972இல் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் இதற்கு விடை கண்டனர். ஹிஸ்டமினுக்கு எச்1 தவிர எச்2 என்ற வாங்கியும் இருக்கிறது. (அவர்கள் தேடியது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தை. இதயத் துண்டு அதற்கு வழிகாட்டியது.)

எச்2 தூண்டப்பட்டால் இதயத் தசைக் கலத்துக்குள் கல்சியம் கூடுதலாக நுழைகிறது; சுருக்கம் பலமாகிறது. எச்1 வாங்கியோ, கினிப் பன்றியில் சோணையறையிலிருந்து இதயவறைக்குக் கணத்தாக்கம் செல்வதைத் தாமதப்படுத்துகிறது. எல்லா விலங்குகளிலும் இது ஒரேமாதிரி அல்ல. மனித இதயத்தின் வேகத்தையும் பலத்தையும் கூட்டுவது பெரும்பாலும் எச்2தான்.

இதயம் பலமாக அடித்தும் குருதியமுக்கம் ஏன் விழுகிறது? என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இதுதான். ஹிஸ்டமின் குருதிக் கலன்களை விரிக்கிறது. மயிர்க்குழாய்களிலிருந்து திரவம் கசிகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் குருதி குறைந்துவிடுகிறது. தொட்டி வற்றிய பிறகும் ஓடும் தண்ணீர் மோட்டரைப்போல இதயம் ஓடுகிறது, இறைக்க ஒன்றுமில்லை.

ஆகவே மயக்கம் வருபவரைத் தோளில் தாங்கி மலையிலிருந்து நடத்திக் கூட்டிவருவதும், முச்சக்கரவண்டியில் நிமிர்த்தி உட்காரவைப்பதும் ஆபத்து. படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்திருக்க விடலாம். பிரிடோன் குளிசை கொடுத்துவிட்டு லயத்தில் காத்திருப்பது போதாது. அது எச்1ஐ மட்டுமே மறிக்கும். அரிப்புக்கும் தடிப்புக்கும் உதவும், விழுந்த அமுக்கத்தை உயர்த்தாது. அதற்கு வேண்டியது தொடைத் தசையில் போடும் அதிரினலின் ஊசி. அது விரிந்த கலன்களை இறுக்கும், மூச்சுக்குழலைத் திறக்கும், மாஸ்ட் கலங்களையும் அடக்கும்.

அந்த ஊசி தோட்ட மருந்தகத்தில் இருக்கிறதா என்று பெற்றோர்கள் இப்போதே கேட்டு வைக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கும்போது, "குளவி கொட்டியது" என்பதோடு நிறுத்தாமல், மயக்கம் வருகிறதா, மூச்சு இழுக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.