எல்லா முகத்துக்கும் ஃபேசியல் வேண்டாம்

பென்னாகரத்தில் பார்லர் திறக்கப்போகும் தங்கச்சிக்கு,

ஃபேசியலுக்கு ரேட் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால், எந்த முகத்துக்கு ஃபேசியல் செய்யக் கூடாது என்று பேசிவிடுவோம் கண்ணு.

உன்னிடம் அதிகம் வரப்போவது காலேஜ் பிள்ளைகள். நெற்றியிலும் கன்னத்திலும் நாலைந்து பரு, மூக்கில் கரும்புள்ளி. “அக்கா, கிளீனப் பண்ணி விடுங்க” என்பார்கள். சிவந்த பரு இருக்கும் முகத்தை ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து, மசாஜ் செய்து அனுப்பினால் அன்றைக்குப் பளபளக்கும்; அந்த வாரமே பரு கூடிவிடும். நம் மாநிறத் தோலில் பரு அமுங்கினாலும் கறை மாதக்கணக்கில் நிற்கும். தேய்ப்பதும் கிள்ளுவதும் அதை இன்னும் கருக்க வைக்கும்.

உட்கார வைத்ததும், “முகத்துக்கு இப்ப என்ன போடறே?” என்று கேள். “ஒண்ணும் இல்லக்கா” என்றால் நம்பாதே. டியூபைக் கொண்டுவரச் சொல்லி, பொடி எழுத்தைப் படி. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயினோடு ஸ்டீராய்டும் கலந்த கிரீம் ஒன்று உண்டு. மங்குக்காக டாக்டர் சில வாரத்துக்கு எழுதித் தருவது அது. பக்கத்து வீட்டுப் பெண் வெளுத்தாள் என்று அதை வாங்கி வருஷக்கணக்கில் பவுடர் மாதிரி பூசுகிறார்கள். முதலில் பரு அடங்கும், நிறமும் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், கன்னத்தில் முடி வளரும், ஒரே மாதிரிச் சின்னப் பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை அட்டவணை எச்-இல் சேர்த்தது. கேட்டால் கொடுக்கிற கடை இன்னும் இருக்கிறது. அந்த முகத்தில் நீ கை வைக்காதே. சட்டென்று நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். டியூபோடு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பிவிடு.

சாதாரணப் பருவுக்கு வேலை குறைவு. நம் பக்கத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் தேய்ப்பார்கள். சோப்பின் மிச்சம் தோலில் ஒட்டி அரிக்கும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீடென்றால் அதில் ஒரு சொம்பு முகத்துக்கு எடுத்துவைக்கச் சொல். (நிலத்தடி நீரின் ஃபுளூரைடுக்காக 2013-ல் வந்த குடிநீர்த் திட்டம்தான்; முகமும் பிழைத்துப் போகட்டுமே.) காலையும் இரவும் மிதமான ஃபேஸ்வாஷ், விரல் நுனியால், துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். அப்புறம் லேசான மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். “ஏற்கெனவே எண்ணெய் வழியுது, இது எதுக்கு?” என்று கேட்பார்கள். வறண்ட தோல் பரு மருந்தைத் தாங்காது, அதற்குத்தான். எலுமிச்சை, டூத்பேஸ்ட் எல்லாம் சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் திரும்பட்டும்.

மருந்து எழுதுவது நம் வேலை இல்லை. ஆனால் தெரிந்து வைத்துக்கொள்: பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே போதும். 10 சதவீதத்துக்கு இணையாக வேலை செய்யும், எரிச்சல் குறைவு. தலையணை உறை வெளுக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடு, இல்லையென்றால் அவள் அம்மா உன்னோடு சண்டைக்கு வருவாள்.

நெற்றியில் மட்டும் பரு என்றால் தலையைப் பார். எண்ணெய் வழிய வழியப் பின்னியிருக்கும். எண்ணெயே வைக்காதே என்றால் வீட்டில் ஒப்பமாட்டார்கள். முன்நெற்றியை விட்டுத் தடவட்டும். தாடையில் கட்டி கட்டியாகப் பரு, மோவாயில் முடி, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால் டாக்டரிடம் போகட்டும்.

இப்படித் திருப்பி அனுப்பினால் வாடகை யார் கட்டுவது என்பாய். த்ரெட்டிங்கும் ஹேர்கட்டும் கட்டும், முகூர்த்த மாதங்களில் மணப்பெண் அலங்காரம் கட்டும். மணப்பெண்கள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் வருவார்கள். பரு மருந்து பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகும். நிச்சயம் முடிந்த கையோடு வரச் சொல்லிப் பழக்கு. டாக்டர் அடபலீன் மாதிரி மருந்து எழுதுவார். அது கர்ப்பத்தில் ஆகாது. கல்யாணத் தேதியை டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுவார்கள்; கூட வந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது அதை மறைக்காதே என்று நீயே காதோடு சொல்லி அனுப்பு.

அன்புடன்,
அக்கா