கற்பிக்க வந்தவர் கற்றபோது

முதுகுளத்தூரில் என் முதல் வகுப்புக்கு வெளிநாட்டுத் தன்னார்வலர் ஒருவர் இரண்டு வாரம் உதவ வந்தார். ஆங்கிலப் பாடல்கள் பாடினார். பிள்ளைகள் கைதட்டினார்கள், பேசவில்லை.

அவரிடம் சீகன்பால்கு பற்றிச் சொன்னேன். 1706இல் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடி வந்த அந்த ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். பின்னர் தமிழில் நூல்களும் அச்சிட்டார்.

மறுநாள் தன்னார்வலர் தரையில் அமர்ந்து மணல் தட்டை நீட்டினார். ஜூன் முதல் வாய் திறக்காத மாணவி, அவர் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தாள். “இப்படி வளைக்கணும் சார்” என்றாள். வகுப்பில் அதுவே அவளுடைய முதல் பேச்சு.

இப்போது வாரம் ஒருநாள் அவள் ஆசிரியர், நான் மாணவன். வேண்டுமென்றே தவறாக எழுதுவேன், அவள் திருத்துவாள். உங்கள் வகுப்பில் பேசாத பிள்ளையிடமும் மணல் தட்டை நீட்டிப் பாருங்கள்.