மெயில் சர்வருக்கு ரெடிஸ் உதவுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி மெயில் சர்வர் காலை வேளையில் திணறுகிறது. போஸ்ட்ஃபிக்ஸும், குப்பை மடலை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டியும் ஓடுகின்றன. ரெடிஸ் போட்டால் வேகம் கூடுமா?

பதில்: எது திணறுகிறது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு மடல் வரும்போதும் சர்வர் பல சில்லறைத் தேடல்களைச் செய்கிறது: இந்த அனுப்புநர் முன்பு வந்தவரா, இந்தச் சொற்கள் குப்பை மடல்களில் எத்தனை முறை தென்பட்டன, இவர் அளவுக்கு மீறி அனுப்புகிறாரா? இவையெல்லாம் ரேமில் இருக்க வேண்டியவை; ரெடிஸ் தரவை ரேமில்தான் வைக்கிறது. ஆர்ஸ்பாம்டியின் பேய்ஸ் கணக்கு, கிரேலிஸ்டிங், அனுப்பும் வரம்பு எல்லாமே ரெடிஸைத்தான் நம்பியிருக்கின்றன. அது இல்லாத ஆர்ஸ்பாம்டி பாதி ஆர்ஸ்பாம்டி.

ஆனால் மடல் வரிசையையே ரேமுக்கு மாற்றும் ஆசை மட்டும் வேண்டாம். மடலை வாங்கிக்கொண்டு ‘250’ என்று பதில் சொன்ன கணமே அதற்குச் சர்வர்தான் பொறுப்பு. அதனால் போஸ்ட்ஃபிக்ஸ் வட்டில் பத்திரமாக எழுதிய பிறகே வாயைத் திறக்கிறது. கரன்ட் போனால் ரேமில் இருந்தது போனதுதான். வரிசையில்தான் தாமதம் என்றால் நல்ல எஸ்எஸ்டி வாங்குங்கள்.

வேகத்துக்காக ரெடிஸின் ஸ்னாப்ஷாட்டை அணைத்துவிடாதீர்கள். பேய்ஸ் கற்றதெல்லாம் ஒரு ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும். ரெடிஸும் ஆர்ஸ்பாம்டியும் ஒரே கணினியில் இருந்தால் 127.0.0.1 தவிர வேறு முகவரியில் ரெடிஸைத் திறக்கவும் வேண்டாம்.