முன்பதிவுக்கு எவ்வளவு அவகாசம் வைப்பது?



பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும். சூரா அந்நூரின் 27, 28ஆம் வசனங்கள் தரும் ஒழுக்கம் இது. அடுத்தவரின் நேரத்தில் நமக்கு உரிமை இல்லை, அனுமதிதான் உண்டு என்ற பாடமும் இதில் இருக்கிறது.

இன்று அந்த வாசல் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் டியூஷன், தையல், மருதாணி, வாடகைக் கார் என்று தொழில் செய்யும் நம் குடும்பங்கள் ஆன்லைன் முன்பதிவு வைக்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, குறைந்தபட்ச முன்னறிவிப்பு நேரம். கூகுள் காலண்டர் போன்றவற்றில் இதற்குத் தனி அமைப்பே உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால், 10 மணிக்குப் பதிவு செய்தவர் 10.15க்கு வாசலில் நிற்பார்.

எப்படிக் கணக்கிடுவது?

தகவலைப் பார்க்க ஆகும் நேரம், தயாராகும் நேரம், பயண நேரம் மூன்றையும் கூட்டுங்கள். வீட்டிலேயே நடக்கும் டியூஷனுக்குச் சில மணி நேரம் போதும். வீடு தேடிப் போய் மருதாணி வைக்க ஒரு நாள் வேண்டும். மணப்பெண்ணுக்கு என்றால் ஒரு வாரம்கூடத் தேவைப்படலாம்.

கவனிக்க வேண்டியவை

1. கடிகாரம் நம் தூக்கத்தையும் சேர்த்தே எண்ணும். 4 மணி நேரம் என்று வைத்தால், ஸஹர் வேளையில் 3 மணிக்கு விழித்திருப்பவர் காலை 7 மணிக்குப் பதிவு செய்துவிடலாம். நீங்கள் அதைப் பார்ப்பது ஃபஜ்ருக்குப் பிறகுதான். அதிகாலை வேலை உள்ளவர்கள் 12 மணி நேரம் வைப்பது நல்லது.

2. 24 மணி நேரம் வைத்தால், இன்று மாலை 5 மணிக்குப் பார்ப்பவருக்கு நாளை மாலை 5 வரை எந்த நேரமும் கிடைக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருத்துவரைத் தேடும் தாய்க்கு அது மூடிய கதவு.

3. ஜும்ஆ நேரத்தை முன்னறிவிப்பு காப்பாற்றாது. அதைத் தனியாக அடைத்து வையுங்கள்.

இரண்டு வாசல்கள்

ரயில்வேயைப் பாருங்கள். 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்கள். அதோடு, ரயில் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் தட்கல் திறக்கிறது: ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. திட்டமிட்டவருக்கும் இடம், திடீரென்று கிளம்புபவருக்கும் இடம்.

நாமும் அப்படியே செய்யலாம். தினமும் ஓரிரு நேரங்களை ஆன்லைனில் காட்டாமல், தொலைபேசியில் அழைப்பவருக்கும் நேரில் வருபவருக்கும் ஒதுக்குங்கள். இலவச மருத்துவ ஆலோசனை, கல்வி உதவித்தொகை விண்ணப்பம் போன்ற சேவைகளில் இது மிக அவசியம். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவரும், கடைசி நாளில்தான் செய்தி கேள்விப்பட்ட ஏழை மாணவரும்தான் நம் உதவிக்கு முதல் உரிமை உள்ளவர்கள்.

பதிவு செய்பவரின் கடமை

முன்பதிவும் ஒரு வாக்குறுதி. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி சூரா அல்மாயிதாவின் முதல் வசனம் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. வர முடியாது என்று தெரிந்ததுமே ரத்து செய்யுங்கள். பேசாமல் இருந்துவிட்டால், ஒருவரின் உழைப்பும் இன்னொருவரின் வாய்ப்பும் வீணாகும்.

நேரம் என்னும் அமானிதத்தைப் பேணுபவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.